மாட வீதிக் கால்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே கால் மணிக்கு, ஜவ்வாது மலைக் காட்டில், என் கணவரைத் தொலைத்துவிட்டேன்.

குடையைத் தொலைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடியை வாரம் ஒரு தடவையாவது தொலைப்பேன். ஆனால் ஆறடி உயரமும் எண்பது கிலோ எடையும் உள்ள ஒரு மனிதரைத் தொலைத்தது இதுதான் முதல் தடவை. அதுவும் ஷூ லேஸ் கட்டுகிற நேரத்தில்!

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரரைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காக... பெயர் ஏகாம்பரம். சொந்த ஊர் முசரவாக்கம். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். அதிகம் பேச மாட்டார். சொல்ல வேண்டியதை ஹாரனிலேயே சொல்லிப் பழகிவிட்டவர். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி, ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். பிழைத்து வந்தார்.

அன்றைக்கு எனக்கு இரண்டாவது உத்தியோகம் ஆரம்பமானது.

பத்திரப் பதிவு ஆபீசில் கிளார்க்காக இருந்தவள் நான். ஒரு எழுத்து தப்பாமல் சரிபார்ப்பது ரத்தத்தில் ஊறிய குணம். பத்திரத்தைச் சரிபார்த்தது போல இவரைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். சாம்பாரில் உப்பு எவ்வளவு? மாடிப்படி ஏறும்போது மூச்சு எப்படி வருகிறது? ராத்திரி புரண்டு படுத்தாரா, படுக்கவில்லையா? கடைக்குப் போனால் பின்னாலேயே நானும். அவசரத்துக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒன்று டாக்டர் கொடுத்திருந்தார். அதுவும் என் கைப்பையில்தான். இவரிடம் கொடுத்தால் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார் என்பது என் கணிப்பு. (கண்ணாடி தொலைப்பவள் யார் என்று கேட்காதீர்கள்.)

இன்னொரு சட்டமும் போட்டேன். பாத்ரூம் போனால் உள்பக்கம் தாழ்ப்பாள் போடக் கூடாது.

"இன்னாத்துக்கு?" என்றார் முதல் நாள்.

"உள்ள மயக்கம் வந்து வுழுந்துட்டா கதவ யாரு ஒடைக்கிறது?"

ஒன்றும் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எழுதிக்கொண்டேன். மௌனம் சம்மதம் என்று பதிவு செய்வதில் எங்கள் ஆபீசுக்கு எப்போதுமே ஒரு அவசரம் உண்டு.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். சின்ன காஞ்சிபுரத்தில் நடக்க வேண்டுமென்றால் வேறு எங்கே போவது? கோயில் மாட வீதிதான். விடிகாலை ஐந்தரைக்கு எட்டுப் பேர் கிளம்புவோம். நான்கு வீதிகளையும் மூன்று சுற்று. வலமாகத்தான். மதில் எப்போதும் சோற்றுக்கை பக்கம். முனை வந்தால் கால் தானாக வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கமாகச் சுற்றுகிற ஒருவரை எங்கள் ஊரில் பார்த்தால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம், அல்லது வீட்டில் சண்டை என்று அர்த்தம்.

குழுவுக்குத் தலைவர் தணிகாசலம் அண்ணன். பட்டுச் சொசைட்டி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். ஒரே புடவையை நாற்பது விதமாகப் பிரித்துக் காட்டி வாங்க வைப்பவர். அவர்தான் ஒரு நாள் மூன்றாவது சுற்று முடிவில் இதைப் பிரித்துக் காட்டினார்.

"எத்தினி நாளுக்குப்பா இந்த மதிலையே பாத்துக்கினு நடக்கறது? ஒரு சனி ஞாயிறு ஜவ்வாது மலைக்குப் போவலாம். டென்ட் போட்டு ராத்தங்கல். காலையில காட்டு வழியா நடை. எல்லாம் வனத்துறை அனுமதியோட, கைடு வெச்சிக்கினு."

"அதெல்லாம் வேணாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"நான் வரேன்" என்றது.

எங்கள் வீட்டுக்காரர்! பதினாலு மாதத்தில் அவராக வாய் திறந்து கேட்ட முதல் விஷயம். டாக்டரிடம் போனோம். அவரே தடுத்துவிடுவார் என்று தைரியமாகத்தான் போனேன். அவரோ, "தாராளமா போகலாம். மெதுவா ஏறட்டும். மாத்திரை மட்டும் கையில இருக்கணும்" என்று சிரித்தார்.

மாத்திரை கையில் இருக்க வேண்டும். யார் கையில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்கினோம். இவர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். பஸ்ஸில் பிரேக் மிதித்த அதே மாதிரிச் செருப்புதான் வேண்டுமாம். இரண்டு நாள் வாதாடிப் பார்த்தேன். தோற்றேன்.

சனிக்கிழமை வேனில் செய்யாறு, ஆரணி, போளூர் என்று போய் மலை ஏறினோம். வழியெல்லாம் தணிகாசலம் அண்ணன் வீட்டுக் கோயில் இட்லி. இஞ்சியும் மிளகும் சீரகமுமாக, இரண்டு நாளானாலும் கெடாது. எங்கள் வீட்டுக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். வேன் டிரைவர் பாவம், மூன்றாவது வளைவிலிருந்து அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினார்.

டென்ட் பற்றி ஒரு வார்த்தை. அறுபது வயதுக்காரர்கள் அதற்குள் போவது சுலபம். வெளியே வருவதுதான் பிரச்சினை. காலையில் ஏழு டென்ட்டிலிருந்தும் "யாராச்சும் கை குடுங்கப்பா" என்று ஒரே கூக்குரல். எங்களில் தறி நெய்கிறவர் ஒருவர் மட்டும் ஒரே மூச்சில் எழுந்து வந்து பல் விளக்கப் போய்விட்டார். நாள் முழுக்கத் தறிக்குழிக்குள் இறங்குவதும் ஏறுவதுமாக இருப்பவருக்கு டென்ட் ஒரு பொருட்டா?

ஏழு மணிக்கு வழிகாட்டி வந்தார். மல்லிகா என்று பெயர். மலைக்கிராமத்துப் பெண்மணி, நாற்பது வயது இருக்கும். கிளம்பும் முன் எல்லாரையும் நிறுத்தித் தெளிவாகச் சொன்னார்.

"கொஞ்ச தூரத்துல வேடியப்பன் கல்லு வரும். அங்க வழி ரெண்டா பிரியுது. பீச்சாங்கை பக்கம் போனா மேல பாறைக்குப் போவலாம். சோத்தாங்கை பக்கம் யாரும் போவாதீங்க. அது இந்தக் குன்ன சுத்திக்கினு வந்து, கல்லுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கிற பலாமரத்தாண்ட நம்ம வழியிலயே சேந்துடும். ஆனா நடுவுல ரெண்டு எடத்துல தடம் பள்ளத்துல எறங்குது. அங்க எறங்கிட்டா ஓடைதான். ஏறி வர்றது கஷ்டம்."

எல்லாரும் தலையாட்டினோம். இவரும்தான் ஆட்டினார். நான் பார்த்தேன். நான்தான் எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பவள் ஆயிற்றே!

சாமை விளையும் நிலத்தைத் தாண்டி மரங்களுக்குள் நுழைந்தோம். நான் வழக்கம் போல இவருக்கு நாலடி பின்னால். மூச்சு சீராக இருந்தது. அரை மணி நேரத்தில் வேடியப்பன் கல் வந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு நட்ட கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, காய்ந்த மாலையோடு.

காஞ்சிபுரத்துக்காரர்கள் எட்டுப் பேர். எதிரே ஒரு சாமி. பார்த்துவிட்டு அப்படியே போய்விட முடியுமா? ஷூவைக் கழற்றினோம். சுற்ற ஆரம்பித்தோம். வலமாக, மூன்று சுற்று. மல்லிகா சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார்.

சுற்றி முடித்து ஷூ போடுகிற வேலைதான் திருவிழா. ஒருவருக்குக் குனிய முடியவில்லை. ஒருவருக்கு லேஸ் முடிச்சாகிவிட்டது. தணிகாசலம் அண்ணனின் ஷூவுக்குள் எறும்பு. மல்லிகா ஆளுக்கு ஒரு பக்கமாக உதவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, என் லேஸோடு மூன்று நிமிடம் போராடினேன். தலை நிமிர்ந்தேன்.

செருப்புக்காரர் இல்லை.

"முன்னாடி போய்க்கினு இருப்பாரும்மா. நமக்குத்தான் இந்த ஷூ இழவு" என்றார் தணிகாசலம் அண்ணன். இடப்பக்க வழியில் அவரே முன்னால் நடந்தார். கையில் ஒரு குச்சி. முகத்தில் படுகிற சிலந்தி வலைகளை விலக்கிக்கொண்டே, "ச்சே, மூஞ்சியெல்லாம் நூலாம்படை" என்று திட்டிக்கொண்டு போனார். நான் எட்டி எட்டிப் பார்த்தபடி பின்னால். அடுத்த திருப்பத்தில் தெரிவார், அடுத்த திருப்பத்தில் தெரிவார் என்று அரை மணி நேரம்.

பாறை வந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. அழகு என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே அவர் இல்லை.

கடைசியாக வந்த மல்லிகா, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தணிகாசலம் அண்ணனைப் பார்த்தார்.

"இன்னாண்ணே அது?"

"வழி பூரா சிலந்தி வலை மா. கல்லுல இருந்து இதுவரைக்கும் விலக்கி விலக்கிக் கையே வலிக்குது."

மல்லிகாவின் முகம் மாறியது. "வலை அப்படியே இருந்துச்சா? அப்படின்னா உங்களுக்கு முன்னாடி இந்த வழியில யாருமே வரல."

போன் செய்யலாம் என்றார் ஒருவர். சிக்னலே இல்லை. இருந்தும் என்ன பிரயோஜனம்? அவருடைய போன் என் கைப்பையில். தண்ணீர் பாட்டில் என் கைப்பையில். மாத்திரை... என் கைப்பையில்.

பதினாலு மாதமாக அந்த மனிதரைக் காப்பாற்றுகிற எல்லாவற்றையும் என் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். காப்பாற்ற வேண்டிய நேரத்தில் பை இங்கே இருக்கிறது. ஆள் எங்கே?

இறங்கி வேடியப்பன் கல்லுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. மல்லிகா பதறவில்லை. என்னை உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, யோசிச்சு சொல்லுங்க. வழி பிரியற எடத்துல ஐயா எந்தப் பக்கம் திரும்புவாரு?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடினால் தெரிந்தது. தினமும் காலையில் நான் பின்னால் நின்று பார்க்கிற முதுகு. தெற்கு மாட வீதி முடிந்து மேற்கு... மேற்கு முடிந்து வடக்கு... ஒவ்வொரு முனையிலும் அந்த முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது?

"சோத்தாங்கை பக்கம்" என்றேன். "எப்பவும் சோத்தாங்கை பக்கம்தான்."

தணிகாசலம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "கல்ல சுத்தினோம் இல்ல? சுத்துன வேகத்துல மாட வீதின்னு நெனச்சு கால் அந்தப் பக்கம் போயிடுச்சு. தொட்டில் பழக்கம்..." என்று ஆரம்பித்தவர், அந்தப் பழமொழியின் அடுத்த வார்த்தை ஞாபகம் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

மல்லிகா மட்டும் நிம்மதியாகத் தலையாட்டினார். "பள்ளத்துக்கு எறங்கற தடம் ரெண்டுமே பீச்சாங்கை பக்கம்தாம்மா பிரியும். சோத்தாங்கை பக்கமாவே திரும்பிக்கினு போனா, குன்ன சுத்தி பலாமரத்தாண்டதான் வரணும். நான் அந்தப் பக்கமா எதிர்ல போறேன். நீங்க இங்கயே இருங்க. நீங்களும் கெளம்பிட்டீங்கன்னா அப்புறம் ரெண்டு பேர தேடணும்."

பையைத் திறந்தேன். மாத்திரை அட்டையை எடுத்து மல்லிகாவின் கையில் வைத்தேன். "நெஞ்ச புடிச்சுக்கினு இருந்தார்னா நாக்குக்கு அடியில..." அவர் என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பதினாலு மாதத்தில் முதல் தடவையாக அந்த அட்டை என் கையை விட்டுப் போனது.

உட்கார்ந்திருந்தேன். காட்டில் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? சருகு விழுந்தால்கூடக் காலடிச் சத்தம் போலக் கேட்கும். வேடியப்பனிடம் வேண்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் தெருவுக்கொரு கோயில் இருக்க, அறிமுகமாகி ஒரு மணி நேரமே ஆன சாமியிடம் இவ்வளவு பெரிய விண்ணப்பம்! பயத்தில் என்னென்னவோ தோன்றியது. போன வாரம் ஊறுகாயைத் தட்டிலிருந்து பிடுங்கினேனே... வாசல் கடை வரைக்கும் தனியாகப் போகிறேன் என்றவரை நிற்க வைத்து, முந்தானையைச் சொருகிக்கொண்டு கூடவே போனேனே... அப்போதெல்லாம் அந்த முகம் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. முதுகுதான் ஞாபகம் வந்தது. பின்னாலேயே நடப்பவளுக்கு முகம் எப்படித் தெரியும்?

கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

பலாமரத்துப் பக்கம் முதலில் மல்லிகா தெரிந்தார். அவருக்குப் பின்னால், கையைப் பின்புறம் கட்டிக்கொண்டு, மாட வீதியில் மூன்றாவது சுற்று வருகிற அதே நிதானத்தில்... எங்கள் வீட்டுக்காரர்.

சட்டை நனைந்திருந்தது. முகம் மட்டும்... என்னவென்று சொல்ல? டூட்டி முடிந்து டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு வருகிற நாட்களில் அப்படி ஒரு முகம் பார்த்திருக்கிறேன். ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

எழுந்து ஓடினேன். பக்கத்தில் போனதும் அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு வழி தெரியாதா? பீச்சாங்கை பக்கம்னு அந்தம்மா அத்தினி தடவ சொன்னாங்களே! இன்னா ஆச்சோ ஏதாச்சோன்னு நான் இங்க செத்துப் பொழச்சேன்!"

மற்றவர்கள் திடீரென்று மரங்களைப் பார்ப்பதில் மும்முரமாகிவிட்டார்கள். இவர் நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"மொதல்ல தெரியாமதான் போனேன், கோமதி. கல்ல சுத்தினேனா... கால் அதும்பாட்டுக்குப் போயிடுச்சு. பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடுச்சு, இது வேற வழின்னு."

"தெரிஞ்சிடுச்சா? அப்ப திரும்பி வர வேண்டியதுதானே?"

கீழே பார்த்தார். செருப்பு நுனியால் ஒரு சருகைத் தள்ளினார்.

"திரும்பலாம்னுதான் நின்னேன். பின்னாடி திரும்பிப் பாத்தா... யாருமே இல்ல." வந்த வழியைக் கையால் காட்டினார். "முப்பது வருஷம் பின்னாடி அறுபது பேர வெச்சிக்கினு ஓட்டினேன். அப்புறம் நீ. இன்னிக்குத்தான் பின்னாடி ஒருத்தரும் இல்ல. சுத்தி வந்து இங்கயேதான் சேரும்னு அந்தம்மா சொல்லிச்சே. சரி, மெதுவா நடக்கலாம்னு நடந்தேன். நடுவுல ஒரு பாறை. அதுல கொஞ்ச நேரம் உக்காந்தேன். நல்லா இருந்துச்சு."

அவ்வளவு நீளமாக அவர் பேசியே பல வருஷம் ஆகிறது.

"பயந்துட்டியா?" என்றார்.

"பயப்படாம?" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது. பதினாலு மாத அழுகை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்தக் காலையில் அழ நேரமில்லை. ஆம்புலன்ஸ், கையெழுத்து, சாமான் என்று ஓடியதில் விட்டுப்போன அழுகை.

"தப்புதான். உன்ன நெனச்சிருக்கணும்" என்றார் அவர். தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். வேர்வை நாற்றம். வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

மல்லிகா மாத்திரை அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுக்க வந்தார். பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். அப்போது இவர் சொன்னார், கோபமே இல்லாமல், ரூட் நம்பர் சொல்கிற குரலில்:

"பஸ்ல ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸு டிரைவராண்டதான் இருக்கும், கோமதி. பாசஞ்சர் கையில குடுத்து வெக்க மாட்டாங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. என்னமாகச் சொல்லிவிட்டார்! நாற்பது வருஷ சம்சாரத்தில் நான்தான் எழுத்தாளர், இவர் பேச்சு வராதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டையை வாங்கினேன். அவர் சட்டைப் பையில் வைத்தேன். போனையும் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தேன். என் பை ஒரேயடியாக லேசாகிவிட்டது. கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

வீட்டில் நோயாளி இருக்கிற வாசகர்கள் நிறையப் பேர் எழுதுவீர்கள், தெரியும். "நீங்க சுலபமா சொல்லிட்டீங்க, ஏதாவது ஆகியிருந்தா?" என்று. நியாயம். ஏதாவது ஆகியிருக்கலாம். அந்த பயம் எனக்குப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதுகூட ஒரு காது அடுத்த அறையில்தான் இருக்கிறது. ஆனால் ஒருவரைப் பார்த்துக்கொள்வது வேறு, பார்த்துக்கொண்டே இருப்பது வேறு என்று ஐம்பத்தெட்டு வயதில் ஒரு குன்றடியில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. பிழைத்து வந்தவர் வாழவும் வேண்டாமா?

இறங்கும்போது நானும் நடந்தேன். பின்னால் இல்லை. பக்கத்தில் நடக்க அந்த ஒற்றையடிப் பாதையில் இடமும் இல்லை. அதனால் அவருக்கு முன்னால் போனேன். திரும்பிப் பார்க்காமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாலு தடவை திரும்பிவிட்டேன். நாலு தடவையும் ஹாரன் மாதிரி ஒரு கனைப்புதான் பதில்.

திங்கட்கிழமை காலை இவர் குளிக்கப் போனார். நான் அடுப்படியில் இருந்தேன். கதவு சாத்துகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், யோசித்து யோசித்துப் போடுவது போல, மெதுவாகத் தாழ்ப்பாள் சத்தம்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும் வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினாலு மாதமாகப் போடாத தாழ்ப்பாள்... கிறீச்சென்கிறது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட வேண்டும்.